பூவாக வரைந்த நெருப்பு

கார்த்திக்கு,

அன்றைக்கு நான் சொல்லாதது நான்கு சொற்கள். "போதும் ரேவதி, கைய எடு." இவ்வளவுதான். சொல்ல வாய் திறந்தேன். கையில் குங்குமத் தட்டு இருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இல்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, அவள் உள்ளங்கை அதன் மேல் இருந்தது, நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வரை எண்ணினேன். சேலைப் படங்களுக்குக் கட்டம் எண்ணியே வாழ்ந்தவள் நான், எதைக் கண்டாலும் எண்ணத் தொடங்கிவிடுவேன். எண்ணத் தெரிந்த எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். என்னைத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட நான் எந்தப் புத்தகம் படிக்கிறேன் என்று தெரியாது. ஆனால் நீ என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதோடு அன்றைக்கு எடுத்த வீடியோவை இன்று ஊரே பார்க்கிறது. பாட்டு போட்டு, மெதுவாக ஓடவிட்டு, கீழே "நம் பாரம்பரியம்" என்று எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் திறந்திருக்கும்போது இந்தக் கடிதமும் திறந்தே இருக்கட்டும். அவள் பெயரை மாற்றியிருக்கிறேன், அவளைக் கேட்டுவிட்டுத்தான். உன் பெயரையும் மாற்றியிருக்கிறேன், உன்னைக் கேட்காமல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, சரிகையம்மா கோயில். அவள் கதை தெருவுக்கே மனப்பாடம். நெசவுக்காரன் ஒருவன் சேலை விற்கப் பதினோரு மாதம் வெளியூர் போனான். திரும்பி வந்தபோது யாரோ அவன் காதில் என்னவோ சொன்னார்கள். அவன் மனைவி தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த பட்டைக் கட்டிக்கொண்டு நெருப்பில் இறங்கினாள். பட்டில் ஒரு இழை கருகவில்லை. சரிகை இன்னும் பளபளத்தது. கணவன் காலில் விழுந்தான், வானத்திலிருந்து பூ கொட்டியது, அவள் அம்மன் ஆனாள். ஆகவே எங்கள் வகையறாவில் கல்யாணச் சேலையின் முந்தானையில் அந்தக் காட்சிதான் வரும். சேலை தறியிலிருந்து இறங்கும் நாளில் பெண் வீட்டாரை அழைப்போம். பாயில் முந்தானையை விரித்து, பக்கத்தில் கற்பூரம் ஏற்றுவோம். மணப்பெண் அதன் மேல் உள்ளங்கையை ஒரு முறை ஓட்டிவிட்டுச் சேலையை வாங்கிக்கொள்வாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெறுவதற்கு முந்தைய ஆண்டு நானும் அப்படித்தான் கையை ஓட்டினேன். கூச்சத்தில் சிரித்தேன்.

அந்த முந்தானையை வரைந்தவள் நான். இருபது வருடமாக இந்த ஊரில் சரிகையம்மா முந்தானைகளில் பெரும்பாலானவை என் கணினியிலிருந்து போனவை. படத்தை வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் சரிகை மேலே வரும், எதில் பட்டு மேலே வரும் என்று நிரப்பிக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை தறிக்குமேல் ஏறும். அதன் பிறகு நான் போட்டதுதான் துணியில் விழும். முதல் முறை வரைந்து எடுத்துப் போனபோது கடை முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நெருப்பு நெருப்பாட்டமே இருக்குது? கல்யாணப் பொண்ணு கட்டறது. பூவாட்டம் போடு."

"நெருப்புதானேங்க அது?"

"எனக்குத் தெரியும்மா அது நெருப்புன்னு. கட்றவளுக்கு எதுக்குத் தெரியணும்? அப்பறம் அந்தம்மா மூஞ்சி. அழுவற மாரி இருக்குது. கொஞ்சம் சிரிக்க வெச்சி எடுத்தா."

நான் சிரிக்க வைத்தேன். தழல்களை மல்லிகை மொட்டுகளாக்கினேன். வரிசை வரிசையாக, அடியில் பருத்து நுனியில் கூர்ந்த மொட்டுகள். அவ்வளவு அழகாக வந்தது கார்த்தி. நீ மடியில் உட்கார்ந்து திரையைத் தொட்டு "பூ, பூ" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெண் நெருப்பில் நிற்கிறாள் என்பதை யாருக்கும் உறுத்தாமல் வரைந்ததற்காக எனக்குக் கிடைத்த பெருமை அது. இன்றைக்கு நினைத்தால் என் விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் பட்டு எரியும் என்று தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அசல் பட்டா போலியா என்று பார்க்க நாங்கள் செய்வதே அதுதான். ஒரு இழையைக் கிள்ளி நெருப்பில் காட்டுவோம். சுருண்டு கருகும். முடி எரிகிற நாற்றம் வரும். வந்தால் அசல். உன் அப்பா தினமும் கடை வாசலில் வாடிக்கையாளர்களுக்கு அதைச் செய்து காட்டியவர். காலையில் பத்து இழை கொளுத்தி மூக்கில் காட்டிவிட்டு, மாலையில் கோயிலுக்குப் போய் ஒரு இழை கருகாத கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள் நாங்கள். தெரியாமல் நம்புவது வேறு. நாங்கள் தெரிந்துகொண்டே நம்பினோம். ஏனென்றால் அந்தக் கதையில் நெருப்பில் இறங்கியது வேறு யாரோ.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீயே பார்த்துச் சொன்ன பெண். தென்னேரியில் விவசாயக் குடும்பம். ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. நாங்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அம்மா அப்பாவோடு வந்திருந்தாள். நீ ஏற்பாடு செய்த வீடியோக்காரர் காலையிலேயே வந்து ஜன்னல் திரையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். உன் பெரிய அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, எனக்கு அண்ணி, பட்டு கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் முறை ரேவதி கையை ஓட்டியபோது எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். "எங்க பக்கம் இதெல்லாம் இல்ல, கரெக்டா செஞ்சேனா?" என்று உன்னைக் கேட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், சூப்பர். ஒன்ஸ் மோர் போவலாம்" என்றார் வீடியோக்காரர். "ஃபிளேம் விழல. கைய இன்னும் கீழ எறக்கி, மெதுவா. அண்ணா, நீங்க அவங்களயே பாருங்க, ஒரு லவ் லுக்கு."

நான் புதுக் கற்பூரம் வைத்தேன். நான்தான் வைத்தேன். அப்போதுதான் உன் பெரிய அத்தை தொண்டையைச் செருமினார்.

"இன்னொருக்கா வெக்கறதுன்னா சும்மா வெக்கக் கூடாது. அம்மாவாண்ட வெளையாட்டு ஆவாது. ஒரு வார்த்த சொல்லிட்டு வெக்கட்டும்."

"என்னா வார்த்தம்மா?" என்று கேட்டார் ரேவதியின் அம்மா.

"பெருசா ஒண்ணுமில்ல. ஹாஸ்டல்ல இருக்க சொல்ல ஒரு பையனாண்ட பழகிக்கினு இருந்துச்சாமே உங்க பொண்ணு. தப்புதண்டா ஒண்ணும் நடக்கலன்னு அம்மா முன்னால சொல்லிட்டா எங்களுக்கும் மனசு ஆறும்."

ரேவதியின் அப்பா எழுந்துவிட்டார். "இன்னா பேசறீங்க நீங்க?"

"உக்காருங்கண்ணா. எங்க வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் வெச்சதுதான். நான் வெக்கல? என்னயும் கேட்டாங்கதான். எனக்கு இன்னா, கையா பூடுச்சி?"

ரேவதி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தாள். அந்த விஷயம் இந்த வீட்டில் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும், அவளே அவனிடம் சொன்னது. "இத நீயா சொன்ன?"

நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "அத்த ஏதோ கேட்டாங்க ரேவு... சொல்லிடேன்பா. ஒரு வார்த்த தான? முடிஞ்சிரும்."

அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையைக் கொண்டுபோய் நெருப்பின் மேல் வைத்தாள். ஓட்டவில்லை, வைத்தாள். உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே வைத்திருந்தாள். அவள் அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார், அவள் அசையவில்லை. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். கற்பூரம் அணைந்த பிறகு கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா? வேற ஏதாவது வெக்கணுமா?" என்றாள். வீடியோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண்ணுல தண்ணி வந்துச்சி பாருங்க, அதான் ஷாட்டு" என்றார். நான் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போகக் கையை நீட்டினேன். "வேணாம் ஆன்ட்டி. நீங்க தட்டப் புடிங்க" என்றாள்.

நீ உன் பெரிய அத்தையிடம் ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அதில் என் பங்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நீ அவரிடம்தான் போவாய். என்னிடம் வந்தால் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்துக்குள் இருப்பேன். "உம், அப்பறம்?" என்பேன், காதில் விழாமலே. அவர் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார். கேட்டவருக்கு நீ எல்லாவற்றையும் கொடுத்தாய், உன்னுடையது அல்லாததையும் சேர்த்து. ரேவதி உன்னை நம்பிச் சொன்னதை, வீட்டுக் கதை பேசுகிற சுகத்தில் நீ எடுத்து நீட்டிவிட்டாய். கெட்ட எண்ணம் இல்லை என்கிறாய். நானும் நம்புகிறேன். கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் நிறைந்த கூடத்தில்தான் அவள் கை வெந்தது.

என்னை இதைவிட அதிகமாகச் சுடுவது வேறொன்று. உனக்கு எட்டு வயதிருக்கும். சரிகையம்மா திருவிழாவில் மாலையில் கூத்து நடந்தது. நெருப்பில் இறங்கும் கட்டம் வருவதற்கு முன்னால் கோமாளி குறுக்கே புகுந்து, கணவன் வேஷம் கட்டியவரின் தோளைத் தட்டினார். "அண்ணாத்த, அம்மா எறங்கறது இருக்கட்டும். நீ பதினோரு மாசம் ஊர் ஊரா போயிக்கினு இருந்தியே, உன்ன யாரு நெருப்புல எறக்கறது?" தெருவே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்க நேரமானது. அடுத்த வருடம் அந்தக் கோமாளியை அழைக்கவில்லை. விழாக் குழுவில் உன் அப்பாவும் இருந்தார். "சாமி கதைல கிண்டல் வேணாம்னு பெரியவங்க சொன்னாங்க, விடு" என்றார். நான் விட்டேன்.

அந்தக் கூத்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ என்னைக் கேட்டாய். "கோமாளி கேட்டது கரெக்ட்டுதானம்மா? அவரு ஏன் நடக்கல?" நான் உனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "கோமாளி கேட்டா சிரிக்கணும், பதில் தேடக் கூடாது" என்றேன். புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு அதை உன் அப்பாவிடமும் சொல்லிக் காட்டினேன். நீ அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எட்டு வயதில் உன்னிடம் இருந்தது, இருபத்து நான்கு வயதில் அந்தக் கூடத்தில் இல்லை. அதைப் பிடுங்கி எறிந்தது யார் என்று வெளியே தேட வேண்டியதில்லை.

நான் படித்தவள் என்று நீ நண்பர்களிடம் சொல்லிக்கொள்வாய். ஆமாம், படித்தேன். நெருப்பின் முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தும் கதைகள் நம்மிடம் நிறைய. ஒவ்வொன்றையும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு மொழியில் யாராவது மறுபடி எழுதியிருக்கிறார்கள். தேடித் தேடிப் படித்தேன். பெரிய கவிஞர்களுக்கும் அந்த இடம் வரும்போது கை தடுமாறியிருக்கிறது. உள்ளே போனது அவள் இல்லை, அவள் நிழல்தான் என்று ஒருவர் தப்பிக்கிறார். நெருப்பே அவளைத் தொட்டதில் வெந்துவிட்டது என்று இன்னொருவர். அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டு முடிசூட்டுக்குத் தாவியவர்களும் உண்டு. யாரும் நிம்மதியாக எழுதவில்லை. எல்லோருக்கும் உறுத்தியிருக்கிறது. உறுத்தலை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். வெளியே நின்ற அவனை எப்படிக் காப்பாற்றுவது என்று அத்தனை பேரும் யோசித்திருக்கிறார்கள். அவளுக்குச் சுட்டதா என்று கேட்டவர்கள் ஒரு சிலர்தான். அவர்களையும் கோமாளி என்று ஒதுக்கிவிட்டோம். இதையெல்லாம் ஓரங்களில் பென்சிலால் குறித்து வைத்தவள் நான். குறித்து வைத்துவிட்டு மறுநாள் காலை உட்கார்ந்து மொட்டு வரைந்தேன். நூறு புத்தகம் படித்து, ஒரு கற்பூரத்தை ஊதி அணைக்கத் தெரியாதவள் உன் அம்மா.

இரண்டாம் நாளே வீடியோ வந்துவிட்டது. நீதான் அதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறாய். அதை நான் பன்னிரண்டு முறை பார்த்தேன், வேலை தெரிந்தவளாகப் பார்த்தேன். முதல் தடவை அவள் சிரித்ததை எடுத்து, இரண்டாம் தடவை எரிந்த நெருப்போடு ஒட்டியிருக்கிறார்கள். அவள் அம்மா இழுத்ததை வெட்டிவிட்டார்கள். அப்பா எழுந்ததை வெட்டிவிட்டார்கள். "இத நீயா சொன்ன?" என்று அவள் கேட்ட இடத்தில் வீணை ஒலிக்கிறது. அவள் கண்ணில் வந்த நீர் பக்தியாகிவிட்டது. உன்னைச் சுட்டெரித்த அந்தப் பார்வை காதலாகிவிட்டது. அந்த வீடியோக்காரப் பையனை என்னால் திட்ட முடியவில்லை கார்த்தி. நான் இருபது வருடம் கட்டத்தில் செய்ததை அவன் இரண்டே நாளில் கணினியில் செய்திருக்கிறான், அவ்வளவுதான். இந்த ஊரில் அவனுக்கு முன்னோடி நான்.

நான்காம் நாள் காலை வாலாஜாபாத் போய், பஸ் மாறி, தென்னேரி போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள் அம்மா கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. நியாயம்தான். ரேவதி வலது கையில் கட்டுடன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வீடியோ பாத்தீங்களா ஆன்ட்டி? எங்க கம்பெனிப் பொண்ணுங்க எல்லாம் ஹார்ட்டு போட்டுக்குதுங்க. 'கண்ணு கலங்கிருச்சிடி'ன்னு மெசேஜ் வேற. நான் அப்போ இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? உங்க பையன இன்னா சொல்லித் திட்டலாம்னு வார்த்த தேடிக்கினு இருந்தேன். ஒண்ணும் சிக்கல."

"என்கிட்ட நெறய இருக்குது, தரட்டுமா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

"அந்த முந்தானைய வரைஞ்சது நீங்கதானாமே. அந்தம்மா ஏன் சிரிக்கிறாங்க?"

"மொதலாளி அப்படிக் கேட்டாரும்மா."

"நெருப்புல சிரிக்க முடியாது ஆன்ட்டி. நான் வெச்சிப் பாத்துட்டேன்."

மனதில் தயார் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். "இந்தக் கல்யாணம் வேணாம் ரேவதி. எங்க வூட்டுக்கு நீ வராத. யார் கேட்டாலும் நான் தடுத்தேன்னு சொல்லு, பழி எம்மேல வரட்டும்." பஸ்ஸில் வரும்போது இந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அன்னிக்குச் சொல்ல வேண்டியத அன்னிக்குச் சொல்லல. இன்னிக்கு வந்து என்னக் காப்பாத்தறீங்களா? உங்க அண்ணி எனக்கு ஒரு கத வெச்சிருந்தாங்க. நீங்க இன்னொரு கதய எடுத்துக்கினு வந்துக்கிறீங்க, அதுல நீங்க நல்லவங்க. எனக்கு ரெண்டும் வேணாம். வேணுமா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். அவன வரச் சொல்லுங்க. நேர்ல ஒண்ணு கேக்கணும்."

"ஏன் வெளிய சொன்னன்னா?"

"அது வாய் தவறி வரும் ஆன்ட்டி, எனக்கும் வரும். ஏன் பாத்துக்கினு நின்னன்னு கேக்கணும்."

அவள் அம்மா அதன் பிறகு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இதை நான் உனக்குப் போனில் சொன்னேன். நீ முழுசாகக் கேட்கவில்லை. "எல்லாம் செட் ஆகிக்கினு இருந்துச்சி, நீ போய்க் கெடுத்துட்ட. நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?" என்றாய். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உனக்கு அம்மா. உனக்கு அம்மாவாக இருப்பதால்தான் அந்தக் கூடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். மகன் முகம் சுண்டக் கூடாது, கல்யாணம் நிற்கக் கூடாது, அண்ணி கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு அம்மா செய்கிறது என்று நம் கதைகள் எதைச் சொல்கின்றனவோ அதை அப்படியே செய்தேன். அந்தக் கதைக்கு அவள் கை கூலி.

பெரிய கதைகளைத் தூக்கி எறி என்று நான் உனக்குச் சொல்லவில்லை. அவற்றால் ஆனவள்தான் நானும். காமாட்சி கோயில் வாசலில் நின்றால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் கதை கேட்கும்போது நீ எங்கே நின்று கேட்கிறாய் என்று பார். நெருப்புக்கு வெளியே, செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்றால், கண் கலங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் வெட்கப்படு. யாராவது உன்னை நம்பி ஒன்றைச் சொன்னால் அதை யாருடைய சடங்குக்கும் விறகாகக் கொடுக்காதே. உன் பெரிய அத்தையை வெறுக்காதே. அவரிடமும் ஒரு காலத்தில் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டார்கள், அவர் கணவன்தான் இரண்டு வருடம் எங்கோ போயிருந்தான். தனக்கு நடந்ததை நியாயம் என்று நம்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் உன்மேல் இருப்பதில் பாதிதான். நீ படித்தவன். உன்னிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்டுக் காயப்படுத்தவில்லை. உனக்கு என்ன சாக்கு?

நான் முந்தானையை மறுபடி வரைந்தேன். பதினெட்டு நாள் ஆனது. நெருப்பை நெருப்பாகப் போட்டேன். மொட்டு ஒன்றுகூட இல்லை. சேலையின் கரை கருகிச் சுருள்கிறது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வாய் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வருகிறாள். பூ கொட்டும் தேவர்களை எடுத்துவிட்டேன். கணவன் நிற்கும் இடத்தில் இரண்டு கால்கள் மட்டும், செருப்போடு. நான் இதுவரை வரைந்ததிலேயே கஷ்டமான வேலை இது. மொட்டு வரைவது சுலபம், ஒன்றை வரைந்து நூறு முறை ஒட்டலாம். தழலில் ஒன்று மாதிரி இன்னொன்று இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியாகப் போட வேண்டியிருந்தது.

முதலாளி பார்த்தார். "இதக் கட்டிக்கினு யாரும்மா மணவறைல உக்காருவா?"

"யாரும் உக்கார வேணாங்க. பாக்கட்டும்."

"பாக்கறதுக்கு எங்கனா மியூசியம் பாரு. இது கட."

"அப்ப பழச நிறுத்திடுங்க. அது நான் வரைஞ்சது, நான் வேணாங்கறேன்."

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அட்டை என்னுதும்மா. நல்லா போயிக்கினு இருக்குது. அந்த வீடியோ வந்ததுலேர்ந்து ரெண்டு மடங்கு கேக்கறாங்க."

ஆக, நான் வரைந்த அந்தச் சிரிக்கிற பெண் இந்த ஊரில் இன்னும் நெய்யப்படுகிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு வீடு தள்ளித் தறிச் சத்தம் கேட்கிறது. எந்த முந்தானை என்று எனக்குத் தெரியும். அவளை இனி என்னால் நிறுத்த முடியாது. அந்தக் கடைக்கு நான் இப்போது வரைவதில்லை. அதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. வேறு கடைகள் இருக்கின்றன, யானை, மயில், தாமரை போட்டுக் கொடுக்கிறேன். புதுப் படம் என் கணினியில் இருக்கிறது. நெய்ய யாரும் கேட்கவில்லை.

ரேவதி உனக்காகக் காத்திருந்தது பதினாறு நாள். நீ வேலை பார்க்கும் பெங்களூரிலிருந்து தென்னேரிக்கு ஒரு பகல் பயணம். நீ போகவில்லை. போன் செய்தால் அவள் எடுக்கவில்லை என்றாய். அவள் நேரில் வரச் சொல்லியிருந்தாள். போவதற்குப் பதிலாக அந்த வீடியோவின் இணைப்பை அவளுக்கு அனுப்பி, "பாரு, எல்லாரும் உன்ன எவ்ளோ பாராட்டறாங்க" என்று எழுதினாய். நான் மறுபடி தென்னேரி போனபோது அதை அவள் எனக்குக் காட்டினாள். வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நிமிடம்தான், கார்த்தி, இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக, என் பிள்ளை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுநாள் அவள் அப்பா வந்து சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணம் இல்லை என்று அவளே உன் அப்பாவிடம் போனில் சொன்னாள். அதன் பிறகுதான் நீ என் எண்ணை பிளாக் செய்தாய். முகூர்த்தம் குறித்திருந்த அன்று நீ பெங்களூரில் இருந்தாய். ரேவதி காலை ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.